கார்னவேயைக் கூப்பிடவில்லை

நோனி கில்ஹூலியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் என் நாத்தனார் மேல்தான் கோபம் வருகிறது. பெர்னி கெட்டவள் இல்லை. நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வருகிற ரகம். அந்த ரகத்திடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நோனி எங்களுக்குப் பக்கத்து ஊர். ஊர் என்றால் கடையும் தெருவும் கிடையாது. அயர்லாந்தின் லீட்ரிமில் நாங்கள் ஊர் என்று சொல்வது ஒரு மேடு, அதைச் சுற்றி ஓர் ஓடை, எல்லையில் முள்வேலி, நடுவில் சில வீடுகள், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு பெயர் இருக்கும். அதற்குள் பிறந்தவர்கள் சாகும்வரை அந்தப் பெயர்க்காரர்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் டெரினா, எங்களுடையது. ஓடையைத் தாண்டினால் கார்னவே. அண்டங்காக்கை மேடு என்று பழைய ஐரிஷில் அர்த்தம். அண்டங்காக்கைகள் இன்னும் இருக்கின்றன. ஆட்கள்தான் குறைந்துபோனார்கள்.

பெரும்பஞ்சத்துக்கு முன்னால் அந்த மேட்டில் எங்கு பார்த்தாலும் புகைபோக்கி தெரியுமாம். பஞ்சம் பாதிப் பேரைத் தின்றது. குத்தகை கட்ட முடியாதவர்களின் கூரையை நிலக்கிழாரின் ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். தப்பியவர்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறினார்கள். கடைசியில் வனத்துறை வந்தது. காலியாகக் கிடந்த நிலத்தையெல்லாம் வாங்கி வரிசையாக ஊசியிலை மரம் நட்டார்கள். மரம் வளர்ந்து வேலி வரைக்கும் வந்து நின்றது. நோனியின் சமையலறையில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. அண்ணன் லூக் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் ஒரு பேச்சுச் சத்தமாவது உண்டு. தொண்ணூற்றிரண்டில், குளிர்காலத்தில், லூக் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கார்னவே என்றால் நோனி ஒருவர்தான். வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

சின்ன வயதில் மான்செஸ்டரில் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தார். அம்மா போனார், அப்பா போனார், பிறகு லூக்கும் போனார். யாராவது ஒருவருக்குக் கஞ்சி காய்ச்சியபடியே அவருடைய காலம் கழிந்துவிட்டது.

இனி வீட்டுப் பூசைக்கு வருகிறேன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ஊர்களில், வசந்தத்தில் ஒரு வீட்டிலும் இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டிலும் சாமியார் வந்து பூசை வைப்பார். இரண்டு ஊருக்குமாக முறை சுற்றி வரும். ஒரு வீட்டுக்கு முறை வந்தது என்றால் அந்த வீடே தலைகீழாகிவிடும். கல்யாணத்துக்குக்கூட வெள்ளையடிக்காதவர்கள் வீட்டுப் பூசைக்கு வெள்ளையடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் பீடத்தில் நின்று, இன்ன ஊர், இன்னார் வீடு என்று உரக்க அறிவிப்பார். தொண்ணூற்று மூன்று வசந்தத்தில் முறை கார்னவேக்கு, அதாவது நோனிக்கு. ஒரு சுற்று வர ஏழெட்டு வருஷம் ஆகும். இந்த முறை விட்டால் அடுத்த முறை பீடத்தில் அந்தப் பெயரைச் சொல்வதற்குக் கார்னவேயில் ஆளே இருக்காது. இது நோனிக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெர்னி இருபத்தைந்து வருஷம் டப்ளினில் இருந்துவிட்டு வந்து டெரினாவில் புது பங்களா கட்டியிருந்தாள். பங்கு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். கோயில் வாசலில் நோனியைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"நோனி, லூக்கும் போயிட்டாரு. இந்த வருஷம் பூசை வைக்கிறது உங்களுக்குச் சிரமமா இருக்குமே?"

"ஆமா, சிரமந்தான்" என்றிருக்கிறார் நோனி.

"அப்ப விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பெர்னி காரில் ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் ஊர்க்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். டீ குடிக்கிறீர்களா என்றால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் ஐயோ எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். முதல் வேண்டாம் என்பது பதிலே கிடையாது, அது தொண்டையைக் கனைத்துக்கொள்வது மாதிரி. டப்ளின் பெர்னியிடமிருந்து எதையெதையோ எடுத்துக்கொண்டது, இதையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. நோனிக்கு உடம்புக்கு முடியவில்லை, அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பெர்னி சொன்னாள், நம்பிவிட்டேன். அந்த ஞாயிறு புது சாமியார் பீடத்தில் நின்று, வீட்டுப் பூசை டெரினாவில் பெர்னி வீட்டில் என்று அறிவித்தார். நோனி எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூசை வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்குவது வழக்கம். கில்ஹூலி வீட்டு நாற்காலிகள் நல்ல பழைய ஓக் மரம். அதை எடுத்துவர பெர்னி என்னை அனுப்பினாள். டிராக்டரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஏறினேன். கதவைத் தட்டி உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சமையலறை முழுக்க மஞ்சள் பெயிண்ட். வெண்ணெய் மாதிரி மஞ்சள். வாசனை இன்னும் போகவில்லை. மேஜைக்குப் புது விரிப்பு. ஜன்னலோரம் புதுக் கோப்பைகள் கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தோடு அடுக்கியிருந்தன. அந்த இருட்டு வீட்டில் அந்தச் சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இதென்ன நோனி, எப்ப அடிச்சீங்க?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன். மேல எட்டல. மேஜை மேல ஸ்டூலைப் போட்டு ஏறினேன்."

"அப்ப பூசை வேணாம்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேனே."

"பெர்னி எத்தனை தடவை கேட்டா?"

நோனி ஒரு கோப்பையை எடுத்து, துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"ஒரு தடவைதானா? ஐயோ, அவளைக் கூப்பிட்டு, பூசை வைக்கணும்னு சொல்லியிருக்கலாமே!"

"எப்படிடி சொல்றது? எனக்கு அவ்வளவு ஆசைன்னு நினைக்க மாட்டாளா?" சிரித்தார். "எனக்கு இது புதுசு இல்ல. அந்தக் காலத்துல மோஹில் டான்ஸ் ஹால்ல ஒருத்தர் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டார். அதெல்லாம் வேணாம்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கிட்டு ஆஸ்திரேலியாவுக்கே போயிட்டார். ரெண்டாவது தடவை கேப்பார்னு ரெண்டு வருஷம் அந்த ஹாலுக்குப் போனேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாற்காலியை எடுத்துக்கோ. மழை வர்றதுக்குள்ள போய்ச் சேரு" என்றார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவரே ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து வண்டியில் வைத்தார். "சண்டை கிண்டை போட்டுடாதே மேவ். விருந்துக்குப் பன்றித் தொடையெல்லாம் வாங்கியாச்சாம், பாவம்."

சண்டை போடாமல் இருக்க நான் என்ன புனிதையா? நேராகப் பெர்னி வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் டெக்லன் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நோனிகிட்ட எத்தனை தடவை கேட்டே?"

"அவங்கதான் சிரமம்னாங்க அண்ணி."

"எத்தனை தடவைன்னு கேட்டேன்."

"ஒரு தடவை."

"ஒரு தடவையா!" என்று டெக்லனே பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

பெர்னிக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பாதையில கார் ஏறுமா? எழுபது வயசுக்காரங்க தனியா இத்தனை பேருக்கு எப்படிச் சமைப்பாங்க? நான் அவங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்! கார்னவேயை டெரினாவோட சேத்துடலாம்னு சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு ஆளுக்காகத் தனி ஊரா?"

கோயிலில் அறிவித்ததை மாற்ற முடியாது. பூசை பெர்னி வீட்டில்தான் நடந்தது. நோனி வந்தார். லூக்கின் சாவுக்கு எடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய நாற்காலிகளில் ஒன்றிலேயே, கதவோரமாக உட்கார்ந்தார். பெர்னி பக்கம் பார்க்காமல் நான் ஜெபம் சொன்னேன். ஜெபம் மேலே போயிருக்காது.

பூசை முடிந்ததும் எங்களிடம் ஒரு வழக்கம். சாமியார் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, இருக்கிறோம் என்பார்கள். நலம் விசாரிப்பார், ஆசீர் கொடுப்பார். டெரினா என்றார். நாங்கள் எல்லோரும் எழுந்தோம். பேசினார், சிரித்தார், சிலுவை போட்டார். மேலங்கியைக் கழற்றப் போனார்.

"கார்னவேயைக் கூப்பிடல, ஃபாதர்."

நோனி எழுந்து நின்றிருந்தார். இப்படி ஒரு கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

சாமியார் இளவயது, நல்ல மனிதர். "அங்க இப்ப யாரும் இல்லன்னு சொன்னாங்களே அம்மா?"

"நான் இருக்கேனே." கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "ஓடைப் பாலத்துலேர்ந்து ஏறினா முதல்ல ரெனால்ட்ஸ் வீடு. அவங்க பாஸ்டன் போயிட்டாங்க. திருப்பத்துல மெக்கீவர் வீடு. ரெண்டு பேரும் ஒரே வாரத்துல போனாங்க, நெஞ்சுச் சளி. கிணத்துக்கு மேல பைர்ன் வீடு. சுவர் மட்டும் நிக்குது, உள்ள மரம் முளைச்சிருக்கு. தச்சர் வீடு எங்க இருந்துச்சுன்னே தெரியாது. அடுப்புக் கல்லு மட்டும் எனக்குத் தெரியும். உச்சியில நாங்க. லூக் போயிட்டான். நான் இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கூப்பிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

பெர்னி கையில் டீக்கெட்டிலோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

சாமியார் மறுபடி மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். "கார்னவே" என்றார்.

"இருக்கேன் ஃபாதர்."

அப்போது பெர்னி செய்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கெட்டிலை வைத்துவிட்டு நோனியின் எதிரே வந்து நின்றாள். "நோனி, அடுத்த பூசையை உங்க வீட்டுல வைப்பீங்களா?"

"ஐயோ, எதுக்கு, பாதை வேற மோசம்."

"வைப்பீங்களா நோனி?"

"உங்களுக்கெல்லாம் சிரமம்."

"நோனி, வைப்பீங்களா?" பெர்னி அழுதுகொண்டிருந்தாள்.

"சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்றார் நோனி.

இலையுதிர் காலத்தில், அக்டோபரில், பீடத்திலிருந்து கார்னவே, கில்ஹூலி வீடு என்று அறிவித்தார்கள். பாதையில் டெக்லன் இரண்டு வண்டி சரளை கொட்டினார். அப்படியும் கார் ஏறவில்லை. சாமியார் உட்பட எல்லோரும் மரங்களுக்கு நடுவே நடந்துதான் போனோம். எங்கள் வீட்டு நாற்காலிகளை முந்தின நாளே டிராக்டரில் ஏற்றிக் கொடுத்தேன். மஞ்சள் சமையலறையில் நிற்க இடமில்லை. புதுக் கோப்பைகளில் டீ, பன்றித்தொடை சாண்ட்விச், பழக் கேக், ஆண்களுக்கு ஆளுக்கொரு வாய் விஸ்கி. நோனி உட்காரவே இல்லை. ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். பாத்திரம் கழுவ விடமாட்டேன் என்று என்னை வெளியே தள்ளினார். திரும்பும்போது பாலத்திலிருந்து பார்த்தேன், மரங்களுக்கு மேலே அந்த ஒரு ஜன்னல் வெளிச்சமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து நாற்காலிகளைத் திருப்பி எடுத்துவரப் போனேன். கதவு திறந்திருந்தது. பீடமாக இருந்த மேஜையைப் பார்த்து நாற்காலிகள் எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே வரிசையாக இருந்தன. எங்களுடையது, பெர்னியுடையது, ஓக் நாற்காலிகள், எல்லாம். கடைசி வரிசையில், நடுவில் ஒன்றில் நோனி கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போகட்டுமா நோனி?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. உங்களுக்கு வேணுமே."

நான் பெர்னி இல்லை. "எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று மறுபடி கேட்டேன்.

"அதுக்குத்தானே வந்திருக்கே."

"நோனி, எடுக்கட்டுமா?"

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "தினம் சாயங்காலம் ஒவ்வொண்ணுல உக்காந்து டீ குடிக்கிறேன். நேத்து உன்னோடதுல உக்காந்தேன். அதுல ஒரு கால் ஆடுது, டெக்லன்கிட்ட சொல்லு." பிறகு, "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே, மேவ்" என்றார்.

வண்டியைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிட்டோம்.