சைக்கிள் துடைத்தவன் வாங்கிய பேச்சு

சைக்கிளைத் துடைத்து மெருகு போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காத ஆள் நாகர்கோவிலில் கிடையாது. கேட்ட அத்தனை பேரும் மறுநாள் என் கடையில்தான் சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

வடசேரியில் சந்தைக்குப் போகிற வழியில் எனக்கும் கோலப்பனுக்கும் கூட்டாக ஒரு கடை இருந்தது. சக்கரம், டயர், பஞ்சர் எல்லாம் அவன் பாடு. பிரேமைத் தனியே கழற்றித் துடைத்து, துரு எடுத்து, மெருகு ஏற்றுவது என் பாடு. ஒரு பிரேமை ஒழுங்காகத் துடைக்க அரை நாள் ஆகும். மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கை எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு தேன்மெழுகு உருக்கிச் செய்த களிம்பை விரலில் எடுத்து, குழாயும் குழாயும் சேருகிற மூலைகளில்கூட விடாமல் தேய்த்து, கம்பளித் துண்டால் இழுத்து இழுத்துப் பளபளப்புக் கொண்டுவர வேண்டும்.

தையற்காரர், தட்டார், கடிகாரம் பழுது பார்க்கிறவர் என்று பிறத்தியார் பொருளைத் தொட்டு வேலை செய்கிற யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை நம்மைக் கொல்லாது. முடிந்த பிறகு கேட்கிற பேச்சு இருக்கிறதே, அதுதான்.

பானை தேய்த்த பொடி

வக்கீல் குமாஸ்தா ஒருவர் புது சைக்கிள் வாங்கினார். கறுப்பு எனாமல், அதன்மேல் தலைமுடி கனத்தில் தங்கக் கோடு. பார்த்தால் தொடக் கூசும். மூன்றாம் மாதம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்.  தங்கக் கோட்டைக் காணோம். கறுப்பெல்லாம் வெளிறி, பிரேம் முழுக்கப் பூனை பிறாண்டினதுபோல் கீறல்.

"என்ன செய்தீங்க அண்ணாச்சி?" என்றேன். தேங்காய் நாரில் செங்கல்பொடி தொட்டு, கூடவே கொஞ்சம் புளியும் வைத்து, வாரம் தவறாமல் வீட்டில் தேய்த்தார்களாம். எனாமல் என்பது மேலே பூசின பூச்சு, அதைத் தேய்த்தால் போய்விடும், திரும்பி வராது என்று கால் மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என்னை ஒரு களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டு வெண்கலப் பானை அதே பொடியிலதான் முப்பது வருசமா மின்னுகு. ஒம்ம சைக்கிளுக்குத்தான் ஏதோ கேடு."

நான் விற்ற சைக்கிளா அது?

கோணல் முகம்

பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் சுற்றுப்பயணம் கிளம்பும் முன் தம் சேவகன் மூலம் சைக்கிளை அனுப்புவார். அதில் அவர் போவதில்லை, அவர் வண்டிக்குப் பின்னால் சேவகன்தான் மிதிப்பான். ஆனாலும் மின்ன வேண்டும். ஒரு தடவை நான் போட்ட மெருகில் கடைக்கூரை ஓலைகூட பிரேமில் தெரிந்தது. அவ்வளவு திருப்தியாக நான் ஒரு வேலையை முடித்தது கிடையாது. கோலப்பன்கூட வந்து பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டு போனான்.

மத்தியானம் சேவகன் சைக்கிளோடு திரும்பி வந்து நின்றான். எஜமான் குனிந்து அதில் தம் முகத்தைப் பார்த்தாராம், கோபமாகிவிட்டாராம். உருண்டைக் குழாயில் முகம் நீண்டுதான் தெரியும், வெண்கலக் கரண்டியில் பார்த்தாலும் அப்படித்தான் என்றேன். அவன் பயந்த குரலில், எஜமான் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்:

"மூஞ்சி கோணலாத் தெரியுது, நல்லா நேராத் தேய்க்கச் சொல்லு."

முடி அகலக் கோடு

இது எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிற விஷயம். கல்யாணத் தரகர் ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், புதிதுபோல் ஆக்கிக் கொடு என்றார். பெண்ணின் தகப்பனாரும் கூட வந்திருந்தார். ஒடிசலான மனிதர். கடைக்குள் ஏறாமல் ரோட்டோரம் நின்று, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். ஹேண்டில் நிற்கிற கழுத்துக் குழாய்க்குக் கீழே, பிசுக்குப் போனதும், முடி அகலத்தில் சிவப்பாக ஒரு கோடு. வெடிப்பு. உள்ளே துரு ஓடியிருந்தது.

தரகரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். "எனாமல அப்பி மூடும்வே. கல்யாணத்தன்னைக்கு எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த துணியைக் கீழே எறிந்தேன். இதைத் தொடமாட்டேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தகப்பனார் பின்னாலேயே போனார். நான் பெரிய நியாயஸ்தன் என்ற நினைப்பில் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வேறு யாரோ பூசிக் கொடுத்தார்கள். கல்யாணமும் முடிந்தது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் மாப்பிள்ளை போகும்போது பிரேம் கழுத்தோடு முறிந்து, தலைகுப்புற விழுந்து, முன்பற்கள் போய், கை ஒடிந்து, ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். பழி முழுக்கப் பெண் தலையில். கேட்ட இடத்திலெல்லாம் தரகர், "அந்த வடசேரிக்காரனுக்கு அன்னைக்கே தெரியும்" என்று என்னைக் கைகாட்டித் தப்பித்துக்கொண்டார். ஒருநாள் அந்தத் தகப்பனார் கடைக்கு வந்தார். இந்தத் தடவையும் உள்ளே ஏறவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்:

"நான் ரோட்டுல தானே நின்னேன் தம்பி. எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா?"

பிள்ளையும் சைக்கிளும்

சுசீந்திரத்துக்கு அப்பால் ஒரு ஊர். அங்கே ஒரு பண்ணையார். அவருடைய ஆறு வயது மகளைக் களத்து ஓரத்தில் பாம்பு கடித்துவிட்டது. பண்ணையார் வீட்டில் இல்லை. வேலையாட்கள் விஷ வைத்தியரைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து ஞானதாசன் என்ற வாத்தியார் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். பண்ணையார் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் யாரையும் கேட்கவில்லை. தம் துண்டைக் கிழித்துப் பிள்ளையின் காலைக் கட்டினார். தென்னையில் சாய்த்திருந்த பண்ணையார் சைக்கிளை எடுத்தார். பிள்ளையை முன்கம்பியில் வைத்து அணைத்துக்கொண்டு, அந்தத் தெரு வழியாகவே மிதித்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

நான்காம் நாள் அந்த சைக்கிள் மாட்டுவண்டியில் ஏறி என் கடைக்கு வந்தது. கூட வந்த பண்ணையார் அதைத் தொடக்கூட இல்லை. பழைய எனாமலை இரும்பு தெரிகிறவரை சுரண்டி எடு, புதிதாகப் பூசு, சீட்டையும் கைப்பிடியையும் எரித்துவிடு என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? செய்து கொடுத்தேன். அந்த ஆளைப் பகைத்துக்கொண்டால் மறுமாதம் அந்த இடத்தில் கடை இருக்காது. இரண்டு நாள் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட, அந்தப் பிள்ளையை அணைத்த கையைத்தான் சுரண்டுகிறோம் என்றே தோன்றியது.

பண்ணையார் வாங்கிப்போக வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, சைக்கிளை இப்படிச் செய்தாச்சு. அவர் தூக்கின பிள்ளைய என்ன செய்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேலி என்பதே அவருக்கு உறைக்கவில்லை. விவரமாகவே பதில் சொன்னார்:

"பிள்ளைய கொளத்துல முக்கி எடுத்தாச்சு. சைக்கிள முக்கினா துரு பிடிக்கும்லா வே?"

வாத்தியார் கேட்டது

ஞானதாசன் வாத்தியாரை அதன் பிறகுதான் எனக்கு நேரில் தெரியும். சந்தைக்கு வந்தவரைக் கோலப்பன்தான் அடையாளம் காட்டினான். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். எங்கள் முக்காலி ஒன்றுதான், அதைத் துடைத்துப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் முடி அகலக் கோட்டை ஒரு தடவை சொல்லாமல் விட்டவன் நான். அதனால் பண்ணையார் சைக்கிளைச் சுரண்டினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, பழைய கூட்டாளியின் உடம்பை விசாரிக்கிறவர் மாதிரி கேட்டார்:

"செயினுக்கு எண்ணெ விட்டீரா? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வாற வழியில கடகடன்னு ஒரே சத்தம். இன்னொரு அவசரம்னா நான்தானே எடுத்து ஓட்டணும்?"

எறிந்த கணக்கு

இதில் வரப்போகிற தாயும் பிள்ளையும் சுகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்தரம்மா, ஆஸ்பத்திரியில் படித்துத் தேறின மருத்துவச்சி. நடுக்கம்பி தாழ்ந்த பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பார்கள். பொம்பிளை சைக்கிள் மிதிக்கிறாள் என்று மேற்கே ஒரு ஊர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. போகும்போதெல்லாம் சாணி எறிவார்கள். காய்ந்த சாணி எனாமலின் பளபளப்பைத் தின்றுவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு நாளாவது எஸ்தரம்மா என்னிடம் வருவார்கள். நான்தான் குதிப்பேன், போலீசில் எழுதிக் கொடுங்கள் என்பேன். "எழுதிக் குடுக்கப் போற நேரத்துல ஒரு பிரசவம் பாத்திரலாம், அண்ணாச்சி" என்பார்கள்.

ஒருநாள் காலை சைக்கிளைத் தோளில் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு வைக்கோல் கலந்த சாணி. செயினுக்குள் புகுந்து, சக்கரம் சுற்றவில்லை. நான் கம்பி வைத்து நோண்டிக்கொண்டிருக்கும்போதே, வாழைக்குலை வியாபாரி ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் பெண்சாதிக்கு விடிந்ததிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உள்ளூர்க் கிழவி கைவிட்டுவிட்டாள். எஸ்தரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தக் காப்பிக்கடையில் சாணி எறிய முதல் கை ஓங்குகிறவர் அவர்தான்.  அந்த அம்மா பையைத் திறந்து கத்தரிக்கோல், நூல், பஞ்சு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. அந்த ஆள் கையில் ஒரு துணியைத் திணித்து, "நீரும் துடையும்" என்றேன். அவரும் மண்டிபோட்டு உட்கார்ந்து பின்சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சாணி வந்துகொண்டே இருந்தது. பொறுமை போய் என்மேல் எரிந்து விழுந்தார்:

"சட்டுனு ஆகட்டும்வே! நான் எறிஞ்சது இவ்வளவு இல்லியே!"

இத்தனை வருஷமும் நான் கடைக்கு நடந்தேதான் போனேன், நடந்தேதான் வந்தேன். சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினால், துடைக்கக் கொடுத்துவிட்டு நான் குறை சொல்ல, என்னைப்போல் இன்னொரு ஆள் வேண்டாமா?