மணி 7.12… திசை தெரியாது

“பார்த்தோம். வெள்ளிக்கிழமை, மணி 7.12. – ஜோதிமணி, ஒட்டன்சத்திரம்.”

செல்வி வீட்டு விருந்தினர் நோட்டில் நீலப் பேனாவால் எழுதியிருக்கும் குறிப்பு இது. இதற்கு மேலே ஒருவர் தோசை முறுகல் என்று பாராட்டியிருக்கிறார். கீழே ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். நடுவில் இது. சரி, எதைப் பார்த்தார்கள்? அங்கேதான் சிக்கல்.

செல்வி, கொடைக்கானலுக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில் நாலு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த வீட்டுத் தேங்காய்ச் சம்பலுக்காகவே மாதம் ஒருமுறை நான் குடியிருக்கும் பெருமாள்மலையிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே ஒருநாள் யோசனை சொன்னேன். “ஏரி, படகு, குதிரை… இதை எல்லாரும் காட்டுறாங்கம்மா. நீ நட்சத்திரத்தக் காட்டு. பொங்கல் கழிஞ்சா சாயங்காலம் ஆறரைக்கு மேல வானம் பளிச்சுன்னு இருக்கும்.”

“உறுதியாத்தான் சொல்றீங்களா சார்?”

“பதினோரு வருஷ நோட்டு இருக்கு என்கிட்ட!”

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். எதையும் நாள், நேரம் போட்டு எழுதி வைக்கிறவன். மேகம் எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு விலகியது – ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஜன்னல் வழியே பார்த்துக் குறித்திருக்கிறேன்.

செல்வி நம்பினார். ‘இங்கே நட்சத்திரம் பார்க்கலாம்’ என்று போர்டு எழுதி மாட்டினார். பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கினார். முதல் குழுவும் வந்து சேர்ந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி, அவர் மனைவி ஜோதிமணி, சொந்தக்காரர்கள் ஆறு பேர். மறுநாள் மார்க்கெட் லீவு. நட்சத்திரம் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஜோதிமணி.

செல்வி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “இவுங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா வருஷம் பூரா ஆள் வரும் சார். இல்லேன்னா நாளைக்கே போர்டக் கழட்டிர வேண்டியதுதான்.”

உண்மைதான். அந்த மார்க்கெட்டில் காலையில் ஒரு வார்த்தை விழுந்தால், மதியத்துக்குள் லாரி ஏறி எல்லா ஊருக்கும் போய்விடும்.

மணி ஆறரை. எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். சுக்குக் காபி வந்தது. கூடவே மேகமும் வந்தது. எங்களோடு உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் வெறும் குரலாகிவிட்டார்.

“சாரே, சரக்கு வரலேன்னா வரலேன்னு சொல்லிருங்க” என்றது பழனிச்சாமியின் குரல். “எம்புட்டு நேரம் லோடுமேன் மாதிரி காத்துக் கெடக்குறது?”

“செத்த சும்மா இருங்க” என்றார் ஜோதிமணி. “உங்களுக்கு மண்டியில தராசு, வீட்டுல போனு. நிமுந்து மேல பாத்து எத்தனை வருஷமாச்சு?”

நான் பெருமாள்மலைக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தார். “இங்கயா? ஒரு பொட்டு மேகம் இல்லீங்க. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு.”

அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக நாள் எழுதினேன், மணி எழுதினேன். இடம் எழுதவில்லை! அத்தனை குறிப்பும் என் வீட்டு ஜன்னலில் எடுத்தது. என் வீட்டை விட்டு விலகும் மேகம் எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. செல்வி வீட்டு முற்றத்துக்குப் போகிறது.

செல்வி காலி டம்ளர்களை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. ஏதாவது செய்தாக வேண்டும். எல்லா லைட்டையும் அணைக்கச் சொன்னேன். பழனிச்சாமி கையில் டார்ச்சைக் கொடுத்தேன்.

“அடிங்க.”

அடித்தார். ஒரு முழ தூரத்தில் வெள்ளைச் சுவர்.

“வெளிச்சம் வெளிய போகப் பாக்குது. ஒவ்வொரு நீர்த்துளியிலயும் முட்டி இங்கயே சுத்துது. பிரபஞ்சம் தொடங்குனப்பவும் இப்படித்தாங்க. கிட்டத்தட்ட நாலு லட்சம் வருஷம் வெளிச்சம் இருந்துச்சு, ஆனா தாண்டிப் போக வழியில்ல. இது குளிர்ற மேகம், அது கொதிக்கிற மேகம். அம்புட்டுத்தான் வித்தியாசம். அப்புறம் விரிஞ்சு, ஆறி, தெளிஞ்சுச்சு. மாட்டிக்கிட்ட வெளிச்சம் கெளம்பிருச்சு. இதெல்லாம் தொடங்கி சுமார் ஆயிரத்து முந்நூத்தி எண்பது கோடி வருஷம் ஆச்சு.”

“ஏதோ வெடிச்சுத்தான் தொடங்குச்சும்பாங்களே, மொதல்ல வெடிச்சது எந்த எடத்துல சாரே?” என்றார் பழனிச்சாமி.

“குண்டு மாதிரி ஒரு எடத்துல வெடிக்கலீங்க. எடமே அப்பத்தான் விரிய ஆரம்பிச்சுச்சு. எல்லா எடத்துலயும்னு வச்சுக்குங்க.”

“தேதி இருக்கு, அட்ரஸ் இல்லேங்கிறாரு!” என்று பழனிச்சாமியின் மச்சான் ஒருவர் சிரித்தார்.

என் நோட்டைப் பற்றித்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன்.

“இதுல என்ன புரியல?” – ஜோதிமணி. “இந்த மேகம் எங்கன தொடங்குதுன்னு காட்டுங்க பாப்போம். நாமளே உள்ளதான உக்காந்திருக்கோம்?”

நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் இதற்குப் பல பக்கம் எடுத்துக்கொண்டன.

“கெளம்புன வெளிச்சம் என்னாச்சு சார்?” – இது செல்வி. டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

“இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எல்லாப் பக்கமிருந்தும். இந்த நிமிஷம் உன் மேலயும் படுது. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும்.”

“சுடலையே?”

“ஆறிப்போச்சு. மைனஸ் எரநூத்தி எழுபது டிகிரி.”

“யம்மாடி!” என்றார் பழனிச்சாமி. “எந்தக் கோல்டு ஸ்டோரேஜுலயும் அம்புட்டு வைக்க மாட்டாங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ஜோதிமணி கை நீட்டிக் கத்தினார்: “அந்தா!”

மேகம் ஒரு கை அகலம் கிழிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. நாலைந்து விநாடி… மூடிக்கொண்டது. புள்ளி தெரிந்ததுமே என் கண் கடிகாரத்துக்குப் போயிருந்தது – 7.12.

“எதுத்த மலையில எவனோ வாசல் லைட்டப் போட்டிருக்கான்” என்றார் பழனிச்சாமி.

“லைட்டு சிமிட்டுமாக்கும்?”

“வோல்டேஜ் கொறஞ்சா சிமிட்டும்.”

“உங்க மண்டியில சிமிட்டும்! நான் பாத்தது நட்சத்திரந்தான்” என்று நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினார் ஜோதிமணி.

போர்டு என்னாச்சு? மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. அடுத்த வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து செல்விக்கு இரண்டு போன். “மேகம் எறங்குற நாளாப் பாத்து ரூம் போடுங்க. அந்த டார்ச்சு வெளயாட்டக் காட்டணும்.” போர்டில் செல்வி ஒரு வரி சேர்த்துவிட்டார்: ‘மேகம் இருந்தால் பிரபஞ்சம் தோன்றிய கதை.’ எந்தெந்த நாள் மேகம் இறங்கும் என்று என்னிடம் தேதி கேட்கிறார். மறுபடியும் என்னிடமே! புது நோட்டு போட்டிருக்கிறேன் – இடத்துக்குத் தனிப் பத்தி உண்டு.

ஒரு பாக்கி. சிரியஸ் நட்சத்திரம் அந்த நேரத்தில் தென்கிழக்கில் ஏறியிருக்கும். எதிர் மலையில் ஒரு வீடும் இருக்கிறது, வாசலில் லைட்டும் இருக்கிறது. ஜோதிமணி கை காட்டியது எந்தப் பக்கம்? எட்டுப் பேரையும் விசாரித்தேன், நாலு திசை கிடைத்தது. எனக்கும் தெரியாது.

நான் திசையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேனே! மணி 7.12 என்பது உறுதி. நட்சத்திரம் என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.