டிரைவர் பாய் பேசிக்கொண்டே வந்த நாள்

இன்று போனில் ஒரு விளம்பரம் வந்தது: 'தனி வண்டி, தனி வழிகாட்டி, ஒரே நாளில் பேராக் கடலோரம்.' பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான நான்காம் நாள், என் கணவர் எங்கள் மலேசிய ஊரான ஈப்போவில் ஒரு டாக்சி பேசி, அதே கடலோரத்தைச் சுற்றிக்காட்ட என்னை அழைத்துப் போனார். அதுவரை நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்றாவது பேசுவார் என்று காத்திருந்தேன்.

பேசியதெல்லாம் டிரைவர் காசிம் பாய்தான்.

"தங்கச்சி, இதான் லுமுட். அந்தா தெரியுது பாரு, பங்கோர் தீவு லா!"

படகு, கருவாடு, மச்சானோடு போட்ட சண்டை என்று எதையும் அவர் விடவில்லை. இவரோ ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பிடிக்கவில்லையோ? இருப்புக்கொள்ளவில்லை. வளையலைத் திருகித் திருகி மணிக்கட்டே சிவந்துவிட்டது.

ஹுத்தான் மெலிந்தாங்கில் பாய் மீன் வாங்க இறங்கினார். பொறுக்க முடியாமல் இவரிடம் கேட்டுவிட்டேன்.

"அவர கொஞ்ச நேரம் பேசாம வரச் சொல்லுங்களேன்."

இவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் பேசிக்கிட்டே வாங்க பாய்னு சொல்லி வச்சேன். உங்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல லா. பயமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ஈப்போ வந்து சேரும்வரை பாய்க்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. மனிதர் பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்த வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.