நெயில் பாலிஷ் கோடு

என் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அது ஒரு குறையாகத்தான் பேசப்பட்டது. கடலூரில் கரண்டு ஆபீசில் அவருக்கு வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். கொஞ்சம் குறைச்சு எழுதினால் குடியா முழுகிவிடும் என்று தெரிந்தவர்களெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை என் அம்மாவே கேட்டாள். கூடப்பிறந்த அக்கா என்றும் பார்க்காமல், "மீட்டரு பொய் சொல்லாதுக்கா, நான் ஏன் சொல்லணும்?" என்று எழுதியே விட்டார். அன்றைக்கு அம்மா அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

அப்படி மீட்டர் பார்க்கப் போன இடத்தில்தான் அந்தக் கார் அவர் கண்ணில் பட்டது. குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரிக்கொட்டை குடோன். மீட்டர் பெட்டிக்குக் கீழே, சாக்குகளுக்கு நடுவில், கூரையில்லாத ஒரு பழைய இங்கிலாந்துக் கார் கிடந்தது. பந்தயக் கார் மாதிரி நீண்ட மூக்கு. ரெண்டே ரெண்டு சீட்டு. ரெண்டிலும் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாமா சர்வீசிலேயே முதல் தடவையாக ரீடிங் எழுத மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் போய் அதைக் கேட்டதற்குக் குடோன்காரர், குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்க என்றாராம். மாமா பொறுமையாகக் காத்திருந்து, குஞ்சுகள் இறங்கிய பிறகு, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி மஞ்சக்குப்பத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அப்போது நான் ஒண்ணாவது. அந்தக் கார் முதன்முதலாக உறுமியபோது ஆறாவது. இடைப்பட்ட அஞ்சு வருஷம் என் அத்தை பட்டது கொஞ்சநஞ்சமல்ல. கட்டிலுக்கடியில் பம்பர், பீரோ மேல் ஸ்டியரிங், குளிக்கிற தொட்டியில் மண்ணெண்ணெய் வாடையோடு ஏதாவது ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். மாமாவுக்கு மெக்கானிக் வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆசைப்படத்தான். ரேடியேட்டரின் பித்தளைத் தலையைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தார். அந்த வாரம் அத்தை புளி இல்லாமல் தக்காளி ரசம் வைத்தாள். கம்பிச் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தது சைக்கிள் கடைக்காரர். சீட்டு தைத்தவர் ஷேர் ஆட்டோவுக்குத் தைக்கிறவர். பழக்கதோஷத்தில் முதுகுப் பக்கம் ஆளுக்கொரு மயில் வைத்துவிட்டார். மாமா பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு, நல்லாத்தான் இருக்கு என்றார். அம்மா மட்டும் கடைசிவரைக்கும் அந்தக் காரைத் 'தகரம்' என்றுதான் சொன்னாள்.

அந்தக் காரில் மாமா உயிரையே வைத்திருந்தது ஒரு முள் மேல். டேஷ்போர்டு நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு வெள்ளை முள். எந்த இடத்துக்கு மேல் அது போகக் கூடாது என்று எங்கெங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, என் அக்காவிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, கண்ணாடி மேல் மெலிசாக ஒரு கோடு போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கோடு போட்டதையும், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முள்ளு இதைத் தொட்டா வண்டியை நிறுத்திடணும், அப்புறம் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்றார்.

சொன்னபடியே செய்யவும் செய்தார். அத்தையை உட்கார வைத்து வடலூர் வரைக்கும் ஜோதி பார்க்கப் போனார். ரோட்டில் விர்ரென்று போனவரைக்கும் முள் சமர்த்தாக இருந்திருக்கிறது. ஊருக்குள் கூட்டத்தில் ஆமை மாதிரி நகர வேண்டி வந்ததும் ஏற ஆரம்பித்துவிட்டது. கோட்டைத் தொட்டதும் மாமா நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திட்டுகிறான், மாமா அசையவில்லை. பட்டுப்புடவையோடு ஒரு மணி நேரம் வெயிலில், முதுகில் மயிலோடு உட்கார்ந்திருந்த அத்தை திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தாள்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு வேண்டியது அந்த இன்னொரு சீட்டு. அக்கா கல்யாணம் முடியட்டும், உன்னை மட்டும் உக்கார வெச்சு சில்வர் பீச்சு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன் என்று மாமா வாக்கு கொடுத்திருந்தார். பொய் சொல்ல வராத மனுஷன் கொடுத்த வாக்கு. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா கல்யாணத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது இரண்டாவது சம்பந்தம். முதலில் ஒரு இடத்தில் நிச்சயமாகி, வாரத்துக்குள் அந்த மாப்பிள்ளையின் தாத்தா தவறிப்போனார். எண்பது தாண்டியவர், படுக்கையில் கிடந்தவர். ஆனாலும் பெண் ராசி சரியில்லை என்று சொல்லிச் சம்பந்தத்தையே விட்டுவிட்டார்கள். அக்கா ரெண்டு வருஷம் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. பிறகு சிதம்பரத்திலிருந்து இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை தங்கமான ஆள். அவருடைய பெரியப்பாதான் சகுனம், சாஸ்திரம் என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பார். பழைய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை அழைப்பு திறந்த காரில், கீழ வீதிப் பிள்ளையார் கோயிலில் தொடங்கி நாலு வீதியும் வந்து மண்டபம் சேர வேண்டும். மேளத்துக்கு நிற்கலாம், வண்டி மட்டும் நடுவில் எங்கும் தடங்கக் கூடாது.

அப்பா பாண்டிச்சேரியில் ஜோடனைக் கார் ஒன்றைப் பேசி வைத்தார். மாமா தன் காரைச் சும்மா அழகுக்குத்தான் சிதம்பரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் தாண்டி அது பறந்துவந்த அழகை வேனில் வந்த நாங்களே பார்த்தோம். மத்தியானம் பாண்டிச்சேரிக்காரர் போன் பண்ணினார். முகூர்த்த நாளில் ரெண்டு இடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டாராம், வர முடியாதாம். அப்பா ஊர் முழுக்கத் தேடினார். ஒரு திறந்த கார் கிடைக்கவில்லை. சாயங்காலம் மாமாவின் முன்னால் அப்பா வந்து நின்றார். அந்தக் காரைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்.

"மச்சான், உன் வண்டியை எடு. நீதான் காப்பாத்தணும்."

மாமா, நடக்கிற வேகத்துலயா, நாலு வீதியுமா என்று மட்டும் கேட்டார். அப்பா தலையாட்டினார். மாமா மண்டபத்து மாடியைப் பார்த்தார். அங்கே ஜன்னலில் அக்கா, பாதி அலங்காரத்தோடு, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு நின்றுகொண்டிருந்தாள். பூக்காரரை வரச் சொல்லுங்க மாமா என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு காரிடம் போனார்.

மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் ஊர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்று சீட்டுக்குப் பின்னால் மேலே ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை காரில் சின்னப் பிள்ளைகள் ஏறுவது வழக்கம். அந்த ஒற்றைச் சீட்டில் நாங்கள் மூன்று பேர் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர்கள் வீட்டுப் பையன்கள் ரெண்டு, பெண் வீட்டுச் சார்பில் நான். கியர் கம்பி என் முட்டியை இடிக்க, முள் சரியாக என் மூக்குக்கு நேரே இருந்தது.

கீழ வீதி நல்லபடியாகப் போனது. நாகஸ்வரக்காரர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். முக்குக்கு முக்கு நின்று வாசித்தார். அவர் நின்றால் கார் நிற்கும், அவர் நடந்தால் கார் நகரும். தெற்கு வீதியில் பாதி வருவதற்குள் முள் கோட்டைத் தொட்டுவிட்டது. மாமா நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பதைப்பாகிவிட்டது.

"மாமா, முள்ளு கோட்டைத் தாண்டிடிச்சு!"

தவில் சத்தத்தையும் மீறி அது காருக்குப் பக்கத்தில் நடந்துவந்த பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. என்ன, என்ன என்று குனிந்தார். மாமா சிரித்தார். அப்படி வாயெல்லாம் பல்லாக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. அந்த முள்ளு பொய் சொல்லுது. நீ வேடிக்கையைப் பாரு பாப்பா."

சொல்லிவிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் கட்டியிருந்த மல்லிச்சரத்தில் ஒரு முழம் பிய்த்து, அந்த வட்டத்தைச் சுற்றி நாலு சுற்று சுற்றி மூடினார்.

மேல வீதியில் வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி ஒரு வாசனை வந்தது. மண்டபத்தில் பாயசத்துக்கு வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று எனக்கு நாக்கு ஊறியது. அப்புறம் காரின் மூக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. பெரியப்பா மறுபடியும் குனிந்தார்.

"இன்னாங்க இது புகை?"

"சாம்பிராணிங்க. திருஷ்டிக்கு."

பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. பெண் வீட்டுக்காரர்கள் எல்லாம் முறையாகச் செய்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். ரெண்டு மூன்று பெண்கள் கிட்டே வந்து அந்த ஆவியைக் கையால் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். மாமாவின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இஞ்சினுக்குள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக்கென்று கேட்டது. எனக்கு அது தவிலுக்குத் தாளம் போடுவது மாதிரி இருந்தது. கையால் சீட்டில் தட்டிக்கொண்டே வந்தேன்.

வடக்கு வீதியில், மண்டபத்து வாசலில், ஆரத்தித் தட்டுக்கு நேராகக் கார் போய் நின்றது. ஒரு அங்குலம் முன்னே பின்னே இல்லை. மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைத்து இறங்கி உள்ளே போனார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். மாமா சாவியைத் திருப்பினார். சாவியைத் திருப்பின பிறகும் கார் குலுங்கிக் குலுங்கி ஓடியது. பிறகு டங்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பசிக்குதா மாமா என்று கேட்டேன். ஆமாம் பாப்பா, நீ போ, வரேன் என்றார். அரை மணி நேரத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். பெரியப்பா இலைக்கு ரெண்டு கரண்டி ஜாஸ்தியாகவே ஊற்றினார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, கார் குட்டியானை வேனில் அண்டா குண்டாக்களோடு கடலூருக்குத் திரும்பியது. இஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிட்டதாம். அதற்கு மாற்று கிடைக்கவில்லை. கோயம்புத்தூர், பம்பாய் என்று எங்கெங்கோ எழுதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா, தகரம் மறுபடியும் தகரமாயிடிச்சு என்று சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கும் அது மஞ்சக்குப்பத்து வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது. அத்தை கோழி வளர்க்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நான் சில்வர் பீச் போகவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வகுப்பில் என்னைக் கேலி செய்தே தீர்த்துவிட்டார்கள். மாமா வீட்டுக்கு வந்தபோது, நீங்க பொய் சொல்லிட்டீங்க என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். "ஆமா பாப்பா, சொல்லிட்டேன்" என்றார் அமைதியாக. மறுக்கக்கூட இல்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

போன வருஷம் தாம்பரம் நெரிசலில் என் கார் புகைந்து நின்றது. மெக்கானிக் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். முள்ளு ஏறினதைப் பாக்கலியா மேடம், நடக்கிற வேகத்துல காத்து ஏது, அப்பவே நிறுத்தியிருந்தா இஞ்சின் பொழைச்சிருக்கும் என்றான். அவன் பேசிக்கொண்டே இருந்தான். என் காரிலிருந்தும் அதே வெல்லப்பாகு வாசனை வந்தது. அங்கேயே ரோட்டோரத்தில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அன்னைக்கு முள்ளு பொய்யா சொல்லிச்சு?"

"உங்க அக்காகிட்ட இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காத, சரியா?" என்றார். அக்காவுக்கு இன்றைக்கும் தெரியாது. தன் மாப்பிள்ளை அழைப்பில் சாம்பிராணி போட்டார்கள் என்றுதான் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனை வைத்த பிறகு அழுகை வந்துவிட்டது. சில்வர் பீச்சுக்காக இல்லை. அன்றைக்குத் தெற்கு வீதியில் மாமா அந்த முள்ளைப் பூவால் மூடினதும், நான் சீட்டில் எழுந்து நின்று, பாருங்க பாருங்க, எங்க மாமா முள்ளுக்குக்கூடப் பூ வெச்சிருக்காரு என்று வீதிக்கே கேட்கும்படி கூவினேன். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.