கலைமணி டீச்சரின் ராப் வகுப்பு

ஷாலினி போனது ஒரு வியாழக்கிழமை. அவளுடைய அம்மா சௌமியாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. காலை வழிபாடு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, புதுச்சத்திரத்தில் தாயும் மகளும் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று மாலை கலைமணி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடாமல் கேட்டார்: "அந்தப் புள்ளைக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா சாமி?"

பல ஊர் சுற்றிவிட்டு அந்த மாதம்தான் நான் திரும்பியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்பதைத் தவிர எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். டீச்சர் கூச்ச சுபாவம். ஆண்டு விழாவில்கூட மைக் பிடித்ததில்லை. அவருடைய மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர். ஆறு பேர் எழுத்துக்கூட்டவே திணறினார்கள். ஆனால் போனில் கேட்ட ராப்பை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஹிப் ஹாப் வழியாக வாசிப்பு சொல்லித்தரலாம் என்று ஒரு பயிற்சி முகாமில் காணொளி காட்டினார்கள். சரி, பார்ப்போமே என்று இவரும் ஆரம்பித்தார். பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவார். சத்துணவுத் தட்டில் தாளம். வரியின் கீழே விரலை நகர்த்தியபடி ஒவ்வொருவராக ராப்:

முட்டை லாரி மூணு லாரி
மேட்டுத் தெரு தாண்டுது
நாலு வழி ரோட்டில் ஏறி
நாமக்கல்லில் நிக்குது

தலைமையாசிரியர் மாதேஸ்வரன் தடுக்கவில்லை. "தட்டெல்லாம் நெளிஞ்சு போச்சுன்னு சமையக்காரம்மா எங்கிட்ட சண்டைக்கு வருதுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான ஷாலினியின் விரல் ஒரு சொல்கூடத் தவறாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி மகிழ்ந்துபோய், மூன்றாவது வரியிலிருந்து படிக்கச் சொன்னார். அவள் விழித்தாள். பிறகு முதல் வரியை உதட்டுக்குள் ஓட்டி, இரண்டாவதையும் ஓட்டி, மூன்றாவதைச் சத்தமாகத் தொடங்கினாள். வெறும் மனப்பாடம் என்று எழுதிவிட்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் டீச்சர் அந்த வரிகளைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தார். ஷாலினி அரை நிமிடத்தில் அடுக்கிவிட்டாள். படித்து அடுக்கினாளா, சொல்லின் உருவத்தை ஞாபகம் வைத்து அடுக்கினாளா? அடுத்த நாள் யாரும் பாடாத புது வரிகளைக் கொடுத்துப் பார்க்க நினைத்திருந்தார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு வகுப்பு ஒரு வாரம் எழுத்து அட்டை, ஒரு வாரம் ராப் என்று தடுமாறியது. மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் படிக்கத் தொடங்கினார்கள். அது ராப்பினாலா, வீட்டில் அக்காக்கள் சொல்லிக்கொடுத்ததாலா என்று அவருக்குப் புரியவில்லை. நிறுத்தட்டுமா, தொடரட்டுமா என்று என்னைக் கேட்பார். நான் ஒரு நாள் ஒன்று சொல்வேன், மறுநாள் வேறொன்று.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சௌமியாவிடமிருந்து ஒரு படமும் குரல் பதிவும் வந்தன. படத்தில், அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு: குழாய்ப் பராமரிப்புக்காகப் புதன்கிழமை குடிநீர் வராது, முந்தைய நாளே பிடித்து வைத்துக்கொள்ளவும். டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பதிவை எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? இதுல என்னங்க எழுதியிருக்குது? நாளைக்குத் தண்ணி வராது, இன்னைக்கே புடிச்சு வெக்கோணும்னு ஷாலினி சொல்றாளுங்க. நான் பள்ளிக்கூடமே போனதில்லீங்க. இவ பேச்ச நம்பிக் கொடத்தத் தூக்கட்டுங்களா?"