ஏழு லீவர் பூட்டு

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய காலனியில் அம்சவள்ளி வீடு எது என்று கேட்டால், "பொட்டிக்காரி வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கரும்பு வெட்டப் போகிறவள். போன வருஷக் கார்த்திகைப் புயலில், விடிவதற்குள் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. டார்ச்சும் கிடைக்காமல் தீப்பெட்டியும் கிடைக்காமல், புருஷனையும் மகளையும் வெறுங்கையோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாள். அங்கே புருஷன் ராயப்பனுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மருந்து தண்ணீரோடு போயிருந்தது. அவன் பிழைத்ததே பெரிய காரியம்.

சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த மாதமே ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். டார்ச், பேட்டரி, விசில், கயிறு, மெழுகுவர்த்தி, காயத்துக்கு மருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டும் ஆதாரும், எல்லாவற்றுக்கும் மேலே ராயப்பனுக்குப் புது இன்ஹேலர். வானம் கறுத்தால் போதும், கரும்புக் கொல்லையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து பெட்டியைத் திறந்து எண்ணுவாள். வெயில் அடித்தாலும் எண்ணுவாள்.

எண்ணும்போதெல்லாம் ஒன்று குறையும். சுவர்க் கடிகாரம் நின்றால் ராயப்பன் பெட்டியிலிருந்துதான் பேட்டரி எடுப்பான். துணி காயப்போட மகள் ஜெசிந்தா கயிற்றை எடுப்பாள். நம் வீடுகளில் வழக்கம்தானே, அவசரத்துக்கு வைத்தது அன்றாடத்துக்குப் போய்விடும். கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, விழுப்புரம் கடைத்தெருவில் ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள். சாவி அவள் தாலிக்கயிற்று ஊக்கில் ஏறியது.

இந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை. ஆபரேஷன் ஆன தங்கையைப் பார்க்கத் திண்டிவனம் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராயப்பன் கையிலிருந்த பழைய இன்ஹேலரைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"தீரப் போவுது வள்ளி. பொட்டியில இருக்கறத எடுத்துக் குடேன்."

"அது வெள்ளத்துக்கு வச்சது. மெடிக்கல்ல ஒண்ணு வாங்கிக்கயேன். இன்னா கேடு?"

அவன் சரி என்றான். வாங்கப் போகவில்லை. அவன் அப்படித்தான்.

மத்தியானம் மழை பிடித்தது. தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"யம்மா, ஏரி தளும்புதாம். மைக்ல சொல்லிக்கினு போறாங்க. நாங்க பொட்டியத் தூக்கிக்கினு ஸ்கூலுக்கு வந்துட்டோம்," என்றாள் ஜெசிந்தா. குரல் உடைந்திருந்தது. "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. மருந்து தீந்துடுச்சு. சாவி எங்கம்மா?"

அம்சவள்ளியின் கை தானாக மார்புக்குப் போனது. சாவி அங்கே இருந்தது.

"ஒடைச்சிடுடி. கல்லப் போட்டு ஒடை."

போன் செத்துவிட்டது. மகளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கை கழுவாமல் பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் படிக்கட்டு ஓரம் நின்றாள். மழையில் பஸ் ஊர்ந்தது. "கொஞ்சம் ஜல்தியா போவச் சொல்லுங்க," என்று கண்டக்டரிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள். ஐந்தாம் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது. புருஷனின் மூச்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போனேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, காலனி திருப்பத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்தாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஜெசிந்தா பெட்டிமேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூடி நசுங்கிக் கிடந்தது. பூட்டில் கீறல்தான் விழுந்திருந்தது. காலடியில் இரண்டு கருங்கல்.

"அப்பா எங்கடி?"

"பக்கத்து வூட்டுத் தமிழ்மணி அண்ணன் டிராக்டர்ல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரும்மா. கண்ணு சொருகிடுச்சு."

"நீ கூடப் போவல?"

"பொட்டிய வுட்டுட்டு எங்கயும் போவக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

அம்சவள்ளி மகளைப் பெட்டிமேலிருந்து எழுப்பினாள். சாவியைப் போட்டாள், பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே ஒரு பொருளும் நனையவில்லை, ஒன்றும் குறையவில்லை. இன்ஹேலரை மட்டும் எடுத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராயப்பன் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தான். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

"நல்ல பூட்டுதான் வள்ளி. கடக்காரன் ஏமாத்தல."