ஒரே காரில் இரண்டு போலந்து வாக்குகள்

மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாரெக்கும் அவர் மனைவி ஈவாவும். போலந்துக்காரர்கள். அங்கே தேர்தல் வந்தால் இங்கிருந்தே வாக்களிக்கலாம்; ரொன்செஸ்வேல்ஸ் தெருப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போகவேண்டும். கடைசித் தேர்தலுக்கு அவர்களை நான்தான் ஏற்றிப் போனேன். மாரெக் ஓட்டினால் ஏறமாட்டேன் என்று ஈவா சொல்லிவிட்டார். இந்தத் தேர்தல் சண்டையால் இரண்டு கிழமையாகப் பேச்சில்லை. வாக்குப் போட்டுவிட்டு அங்கேயே தங்கை வீட்டில் தங்கிவிடப் போவதாக உடுப்புப் பையும் கொண்டுவந்தார். எப்போது திரும்புவார் என்று கேட்கச் சொல்லி மாரெக் எனக்குக் கண் காட்டினார். எனக்கேன் வம்பு என்று காரை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். 401, டொன் வலி, கார்டினர் என்று மூன்று நெடுஞ்சாலைகள், ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வழி முழுக்கச் சண்டை, இருவரும் என்னிடம் சொல்வதுபோல. ஆங்கிலத்தில் நடந்ததை எங்கள் பேச்சில் தருகிறேன்.

“கம்யூனிஸ்ட் ஆட்சி போனபிறகு எங்கட ஊர் ஆலையை மூடிப்போட்டாங்கள். ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. நான் வாக்குப் போடுற இந்தக் கட்சிதான் வந்து, நீங்களும் மனிசர் எண்டு சொன்னது,” என்றார் மாரெக்.

“சொல்லிப்போட்டு நீதிமன்றத்திலையும் ரீவியிலையும் தங்கட ஆக்களை இருத்தினவை. கம்யூனிஸ்ட் காலத்திலை, சின்ன வயசிலை பாத்த அதே ரீவி திரும்ப வந்திட்டுது,” என்றார் ஈவா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “உங்கட ரெண்டு வாக்கும் ஒண்டையொண்டு வெட்டிப்போடும். வீட்டிலை நிண்டிருந்தால் பெற்றோல் மிச்சம்,” என்றேன்.

ஈவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கட அப்பா காலத்திலை முடிவு தெரிஞ்ச பிறகுதான் வாக்குப் போடுறது. என்ர வாக்கை வெட்ட ஒராள் இருக்கிறது லேசுப்பட்ட விசயமில்லை.”

மாரெக் தலையாட்டினார். இரண்டு கிழமையில் இருவரும் ஒத்துப்போன முதல் விடயம் நான் சொன்னது மடத்தனம் என்பதுதான்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை தெரு மூலை தாண்டி நின்றது. பக்கத்து வெதுப்பகத்தில் கசகசா ரொட்டி ஒன்று நாலு டொலர். வாங்குங்கள், காத்திருக்கப் பெரிய உதவி. உள்ளே போனதும் மேசையிலிருந்த பெண் மாரெக்கின் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போன மாதமே காலாவதி. வாக்கு இல்லை. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

“புதுப்பியும் புதுப்பியும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்,” என்றார் ஈவா, நேராக அவரிடமே. கணவருக்காகத் தானும் வாக்குப் போடாமல் விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன். இல்லை, போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வெளியே மாரெக் படியில் குந்தியிருந்தார். ஈவா பக்கத்தில் இருந்தார்.

“ஒரு வாக்காலை வெண்டிட்டீர்,” என்றார் மாரெக்.

“ஓம்.”

“தங்கச்சி வீட்டை விடட்டோ?” என்று நான்தான் கேட்டேன்.

“வேண்டாம். அங்கை எல்லாரும் என்ர பக்கம். ஆரோட கதைக்கிறது?”

மூவரும் மோர்னிங்சைட்டுக்கே திரும்பினோம். ஊர் அரசியலால் சொந்தச் சகோதரன் வீட்டுக் கலியாணத்துக்கும் போகாதவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு; அவர்களை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

போகிறவர்கள் வெள்ளனவே போங்கள், காரைப் பக்கத்துத் தெருவில் விடுங்கள், கடவுச்சீட்டின் திகதியை முன்கூட்டியே பாருங்கள். மாரெக்கினுடையதை அடுத்த கிழமையே புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. அவரை இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுப்பித்து, அடுத்த தேர்தலுக்கு முதல் கையில் கிடைக்குமா என்று இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தவர் ஈவா.